நாட்டுப் படலம் இல்லாத காப்பியம்

காப்பியம் பாடப் புகும் தமிழ்ப் புலவன் முதலில் தலைவனைப் பாடுவதில்லை, நாட்டைப் பாடுகிறான். நீர் எங்கிருந்து வந்தது, எவ்வயலிற் பாய்ந்தது, அவ்வயலில் என்ன விளைந்தது, விளைந்ததை யார் அறுத்தார்கள் என்பவற்றையெல்லாம் சொல்லி முடித்த பிறகே நகருக்குள் நுழைகிறான். கம்பர் ஆற்றுப் படலமும் நாட்டுப் படலமும் கடந்தே அயோத்தி நகரைக் காட்டினார். நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் இம்மரபைக் கைவிடவில்லை. அரபு நாட்டின் பெரும்பகுதி மணல்வெளி என்பதை அவர் அறியார் என்று கொள்வதற்கில்லை. ஆயினும் அங்கே மழை பொழிவித்து, ஆறு பெருக்கி, உழவரை வயலில் இறக்கிய பின்னரே மக்க மாநகரின் வீதிகளைத் திறக்கிறார். நாட்டைச் சொல்லாமல் நகரைச் சொன்னால் நகரின் செல்வம் யாருடைய உழைப்பில் வந்தது என்பதைக் கேட்பவன் அறியமாட்டான். இம்மரபின் உட்கிடை அதுவே என்று நாம் கருதுகிறோம்.

இந்த அளவுகோலைக் கையிற் கொண்டு, இருபதாம் நூற்றாண்டுத் தமிழகம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட பெருங்கதைகளுள் ஒன்றை ஈண்டு எடைபோட விழைகிறோம். அது நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் கதை. ஒரு தனி நூலை எடுத்துவைத்துக் குறை கூறுவது நம் நோக்கமன்று. பாடப் புத்தகம், விழா மலர், மேடைப் பேச்சு, வாழ்த்துக் கவிதை எனப் பல வாயில்களால் அக்கதை நம் பிள்ளைகளின் செவிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. வாயில்கள் பலவாயினும் வடிவம் ஒன்றே.

சொல்லப்பட்ட கதை

அவ்வடிவம் இது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டுகையில் கறுத்த பொருளொன்று வெளிப்பட்டது. அதை அவர் அரசின் கவனத்திற்குக் கொண்டு சென்றார். ஆய்வுகள் நடந்தன. 1956ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் நெய்வேலி நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில் கரிப்படுகை கண்ணுக்குத் தெரிந்தது. 1962இல் சோவியத் நாட்டின் துணையோடு கட்டிய அனல்மின் நிலையம் மின்சாரம் தரத் தொடங்கியது. ஜெர்மனியிலிருந்து வந்த பெரும் சக்கர இயந்திரங்கள் மண்ணைக் கோதி எடுத்தன. நிழல் மரங்களும் அகன்ற சாலைகளும் மருத்துவமனையும் பள்ளிகளும் கொண்ட நகரியம் எழுந்தது. தமிழகம் ஒளி பெற்றது.

இக்கதையில் பொய்யில்லை. இன்னும் சொல்லப்போனால், பெருமைக்குரியவை பல உள. அந்நியரை நம்பியிராமல் ஒரு நாடு தன் மண்ணிலிருந்தே ஆற்றலை எடுத்துக்கொண்டது சிறிய செயலன்று. ஆயிரமாயிரம் குடும்பங்கள் அங்கே நிரந்தர ஊதியம் கண்டன. நம் சமுதாயத்துப் பிள்ளைகளும் அங்கே பொறியாளராகவும் தொழிலாளராகவும் பணியாற்றியுள்ளனர். அந்நிறுவனம் ஆண்டுதோறும் புத்தகக் கண்காட்சி நடத்தி எழுத்தாளர்களைச் சிறப்பித்து வருவதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும்.

ஆயினும், காப்பிய இலக்கணம் கொண்டு நோக்குமிடத்து, இது நகரப் படலத்திலேயே தொடங்கிவிட்ட காப்பியம். கிணறு தோண்டிய இடத்தில் ஊர் ஒன்று இருந்தது என்பதும், பக்கத்தில் வேறு ஊர்கள் இருந்தன என்பதும், அவ்வூர்களுக்குப் பெயர் இருந்தது என்பதும் கதையில் இல்லை. இயந்திரம் வருமுன் அந்நிலம் வெறுமையாய்க் கிடந்தது போன்ற எண்ணத்தையே அது கேட்பவர் மனத்தில் விதைக்கிறது.

சொல்லாது விட்ட படலம்

விடுபட்ட படலத்தில் எவை இடம்பெற்றிருக்க வேண்டும்? தென்னாற்காட்டின் அப்பகுதி செம்மண் மேட்டுநிலம். முந்திரியும் பலாவும் அம்மண்ணின் செல்வங்கள். பண்ருட்டிப் பலாவை அறியாத தமிழர் இல்லை. மேட்டில் மணிலாவும் கம்பும் விளைந்தன. தாழ்ந்த பகுதிகளில் பரவனாற்றின் போக்கில் நெல் விளைந்தது. மண்ணுக்கடியில் அழுத்தத்தோடு அடைபட்டிருந்த நீர் ஒரு தனிச் செல்வம். துளையிட்டால் இறைக்காமலே தானாகப் பொங்கி வழியும் ஊற்றுக் கிணறுகள் அவ்வட்டாரத்தில் இருந்தன. உழவனுக்கு இறைவன் அளித்த கொடையாகிய அந்நீரே சுரங்கத்துக்குப் பகையாயிற்று. கரிப்படுகையின் கீழிருந்து நீர் பீறிட்டுச் சுரங்கத்தைக் குலைத்துவிடாதிருக்க, இரவும் பகலும் அதை இறைத்து வெளியேற்ற வேண்டியிருந்தது. ஒரு டன் கரிக்குப் பல டன் நீர் என்ற கணக்கில் இறைப்பு நடந்தது. நாளடைவில் ஊற்றுகளின் அழுத்தம் குறைந்தது. பொங்கிய கிணறுகள் அடங்கின. சுரங்க எல்லைக்கு வெளியே நிலம் வைத்திருந்தவனுக்கும் இதனால் இழப்பு உண்டாயிற்று. அவனுடைய நிலத்தை எவரும் எடுக்கவில்லை. எனவே அவனுக்கு இழப்பீடு தருவாரும் இல்லை.

மொழியின் பக்கம் சற்றே பார்ப்போம். கரிக்கு மேலே கிடக்கும் மண்ணுக்குச் சுரங்கப் பொறியியலார் வைத்த பெயர் 'ஓவர்பர்டன்'. மேற்பாரம் என்பது அதன் பொருள். ஒரு டன் கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்குக் குறையாத மேற்பாரத்தை அகற்ற வேண்டியிருக்கிறது. நெல் விளைந்த வண்டலும், பலா வேரோடிய செம்மண்ணும், பாட்டன் புதைந்த இடமும், பள்ளிவாசலோ கோவிலோ நின்ற மேடையும் இந்த ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. உழவன் தாய் என்று அழைத்ததை அலுவலகம் பாரம் என்று எழுதுகிறது. சொல்லைத் தேர்ந்தவன் தீங்கு நினைத்தான் என்று நாம் கூறவில்லை. அவனுடைய தொழிலுக்கு அது பாரமே. ஆயின் அச்சொல்லை அப்படியே வாங்கி நம் கதையையும் எழுதினோமானால் குற்றம் நம்முடையதாகும்.

பெயர்களுக்கும் இதுவே நேர்ந்தது. நெய்வேலி நகரியத்தின் பகுதிகள் எண்களால் அழைக்கப்படுகின்றன. இன்ன எண் வட்டம் என்றுதான் முகவரி எழுதப்படுகிறது. சுரங்கம் விரிவடைவதால் நிலம் இழக்கும் ஊர்களின் பெயர்களையோ பாருங்கள்: வளையமாதேவி, கரிவெட்டி, கத்தாழை, மும்முடிச்சோழகன். மும்முடிச் சோழன் என்பது முதலாம் இராசராசனின் விருதுப் பெயர்களுள் ஒன்று. அப்பெயரைச் சுமந்து நிற்கும் ஊரை, கல்வெட்டு இல்லாத கல்வெட்டு என்றே சொல்லலாம். ஊர் போய்விட்டால் அப்பெயரை உச்சரிக்க எவருக்கும் காரணம் இராது. எண்ணுக்கு வரலாறு கிடையாது; பெயருக்கு உண்டு.

எச்சமும் எச்சமின்மையும்

நிலக்கரிச் சுரங்கம் பற்றி உலக இலக்கியத்தில் நூல்கள் இல்லையா என்று கேட்பர். உண்டு. பிரெஞ்சு நாவலாசிரியர் எமிலி ஸோலா 1885இல் 'ஜெர்மினல்' எழுதினார். நிலத்தடிச் சுரங்கத்தில் இறங்கும் தொழிலாளியின் பசியையும் கிளர்ச்சியையும் அது பாடுகிறது. அங்கே ஊர் மேலே இருக்கிறது. மனிதன் கீழே இறங்குகிறான். அவன் மீள்வானோ மாட்டானோ என்பதே துயரம். நெய்வேலி திறந்தவெளிச் சுரங்கம். மனிதன் மேலேயே நிற்கிறான். அவனுடைய ஊர் போய்விடுகிறது. ஆகவே ஸோலாவின் வழி நமக்கு முழுதும் உதவாது.

அரபு இலக்கியம் கற்றோர்க்கு வேறொரு வழி தோன்றலாம். இஸ்லாத்துக்கு முற்பட்ட அரபுக் கவிஞர்கள் தம் நெடும்பாடல்களைப் பாழடைந்த கூடாரத்தலத்தில் நின்று தொடங்குவர். அதனை 'அத்லால்' என்பர். எச்சங்கள் என்பது பொருள். இம்ரவுல் கைஸ் தோழரை நிறுத்தி அழுகிறார். லபீத் அழிந்த தடங்களை எழுத்தின் தேய்வோடு ஒப்பிடுகிறார். ஸுஹைர் இருபது ஆண்டுகள் கழித்து வந்து, கறுத்த அடுப்புக் கற்களையும் கூடாரத்தைச் சுற்றித் தோண்டிய நீர்க்காலையும் கொண்டு தம் காதலி வாழ்ந்த இடத்தை அரிதின் அடையாளம் காண்கிறார். தமிழிலும் பாரி மாய்ந்தபின் கபிலரும் பாரி மகளிரும் பறம்பை நோக்கி வருந்தியது நாம் அறிந்ததே. இவர்கள் அனைவர்க்கும் ஒன்று பொது: நின்று அழுவதற்கு ஓர் இடம் இருந்தது. அடுப்புக் கல் இருந்தது. மலை இருந்தது.

நாம் வாழும் சத்தியமங்கலத்திலிருந்து பத்துக் கல் தொலைவில் பவானிசாகர் அணை இருக்கிறது. 1948இல் தொடங்கி 1955இல் முடிந்த பணி அது. ஏறத்தாழ இரண்டு லட்சம் ஏக்கருக்குப் பாசனம் தந்து கொங்கு நாட்டின் கீழ்ப்பகுதியைச் செழிப்பித்த அவ்வணையின் நீருக்குள் பழைய டணாயக்கன் கோட்டை கிடக்கிறது. அங்கிருந்த குடிகளும் இடம்பெயர்ந்தவர்களே. ஆனால் மழை பொய்த்த ஆண்டுகளில் நீர் தாழ, பழைய கோவிலின் கற்கள் தலைகாட்டுகின்றன. சுற்றுவட்டாரத்தார் சென்று பார்க்கிறார்கள். முதியோர் கைநீட்டி இடம் காட்டுகிறார்கள். நீர் ஊரை மூடுகிறது. ஆயினும் அதைத் தன்னுள் வைத்திருக்கிறது. எப்போதோ ஒருமுறை திருப்பியும் காட்டுகிறது.

திறந்தவெளிச் சுரங்கத்தில் இது நிகழ வழியில்லை. ஊர் நின்ற மண்ணையே வாரி வேறிடத்தில் குன்றாகக் குவிக்கிறார்கள். அக்குன்றின்மேல் மரம் நட்டுப் பசுமையாக்குகிறார்கள், நல்லதே. ஆயினும் அங்கே பிறந்தவன் திரும்பி வந்தால் அவன் நிற்பதற்கான இடம் வானத்தில்தான் இருக்கும்; கீழே பள்ளம். தாய் தந்தையரின் கபுறை ஜியாரத் செய்ய விரும்புவோனுக்கு மையவாடி இருந்த திசையைக்கூடச் சுட்டிக் காட்ட இயலாது. மற்றச் சமயத்தார் தம் குலதெய்வத்தைத் தேடினாலும் அதே நிலைதான். அத்லால் பாடும் கவிஞனுக்கு இங்கே அத்லால் இல்லை. எஞ்சுவது பெயரும் நினைவும் மட்டுமே. எனவே நெய்வேலியைப் பாடுவோன் புலம்பினால் போதாது. பதிவும் செய்ய வேண்டும். இதுவே இக்கட்டுரையில் நாம் வற்புறுத்த வருவது.

முனீஃப் காட்டிய வழி

இப்பணியை அரபு மொழியில் ஒருவர் செய்து காட்டியுள்ளார். அப்துர் ரஹ்மான் முனீஃப் பெட்ரோலியப் பொருளியலில் பட்டம் பெற்று அத்துறையிலேயே பணியாற்றியவர். எண்ணெயைக் கணக்காக அறிந்த அவர் அதைக் கதையாகவும் எழுதினார். 'முதுனுல் மில்ஹ்' (உப்பு நகரங்கள்) என்னும் ஐந்து பகுதி நாவலின் முதற்பகுதி 1984இல் வெளிவந்தது. அது வாதி அல்-உயூன் என்னும் பாலைச்சோலையில் தொடங்குகிறது. நீரூற்றுகள், பேரீச்ச மரங்கள், வந்துபோகும் வணிகக் கூட்டங்கள், அங்குள்ளோரின் பிடிவாதங்கள், விருந்தோம்பல், சண்டை, சிரிப்பு எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக நிதானத்தோடு சொல்கிறார். படிப்பவருக்குப் பொறுமை போய்விடும் அளவுக்குச் சொல்கிறார். பின்னர் எண்ணெய் தேடும் அயலார் வருகின்றனர். இயந்திரங்கள் வந்து மரங்களைச் சாய்க்கின்றன. முத்இப் அல்-ஹத்தால் என்னும் முதியவர் அதைப் பார்த்துத் தம் ஒட்டகத்தின்மீது ஏறிப் பாலைக்குள் மறைந்துவிடுகிறார்.

அந்நீண்ட தொடக்கம் வீண் வருணனை அன்று. அதுவே நாட்டுப் படலம். சோலை நமக்கும் உறவாகிவிட்ட பிறகே மரம் விழுகிறது. ஆகவே விழும் ஓசை நமக்குக் கேட்கிறது. முனீஃப் தம் நாட்டின் குடியுரிமையை இழந்தவர். அவர் நாவல் சவூதி அரேபியாவில் தடைசெய்யப்பட்டது. எண்ணெய்ச் செல்வத்தின் நகரப் படலத்தை மட்டும் பாடியிருந்தால் இத்தடை நேர்ந்திராது.

தமிழில் இத்தகைய முயற்சி அறவே இல்லை என்று கூறினால் அது நன்றி கொன்றதாகும். பழமலய் 1988இல் வெளியிட்ட 'சனங்களின் கதை' தென்னாற்காட்டு எளிய மக்களைக் கவிதைக்குள் பெயரோடும் உறவோடும் கொண்டுவந்தது. விருத்தாசலம் வட்டாரத்துக் கண்மணி குணசேகரன் 'வந்தாரங்குடி' என்னும் நாவலில் நெய்வேலிச் சுரங்கத்தால் இடம்பெயர்ந்த மக்களையே பொருளாக்கினார். அதனினும் நாம் வியப்பது, அவரே தனி ஒருவராய் 'நடுநாட்டுச் சொல்லகராதி' தொகுத்தளித்ததை. மண் போகும் பகுதியின் சொல்லாவது நிற்கட்டும் என்று சேமித்துவைப்பது கதை எழுதுவதற்கு இணையான தொண்டு. பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதை ஓர் எழுத்தாளர் செய்திருக்கிறார். ஆனால் இவை பாடநூலின் கதையை இன்னும் மாற்றிவிடவில்லை. நம் பிள்ளைகள் தேர்வில் எழுதும் நெய்வேலி இன்றும் கிணற்றில் தொடங்கி மின்விளக்கில் முடிகிறது.

இன்று ஏன் பேச வேண்டும்

பழங்கதை என்று இதை ஒதுக்க இயலாது. 1962இல் ஒளி தந்த முதல் அனல்மின் நிலையம் 2020இல் ஓய்வு பெற்றது. சுரங்கமோ விரிந்து கொண்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் மேல்வளையமாதேவியில் நின்ற நெற்பயிருக்குள் மண்வாரும் இயந்திரங்கள் இறங்கின. இரண்டாம் சுரங்கத்தின் தேவைக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதே நோக்கம். அந்நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் விடை. விதைத்ததை அறுக்கும்வரை பொறுக்கலாகாதா என்பது உழவரின் வினா. போராட்டம் மூண்டது, வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் சென்றது. அதே ஆண்டு ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளை ஒன்றிய அரசு ஏலப் பட்டியலிலிருந்து நீக்கியது. தமிழக அரசும் மக்களும் எதிர்ப்புத் தெரிவித்ததே காரணம். உரத்துப் பேசினால் கேட்கும் செவிகளும் உண்டு என்பதற்கு இது சான்று.

பொதுநலனுக்காக ஒருவனுடைய உடைமையை எடுப்பது எவ்வளவு நுண்மையான செயல் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். கலீபா உமர் (ரலி) மதீனாப் பள்ளிவாசலை விரிவாக்க விரும்பியபோது, அண்ணலாரின் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு குறுக்கே நின்றது. கலீபா விலை தர முன்வந்தார். அப்பாஸ் (ரலி) இசையவில்லை. வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்றது. அவர் கலீபாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார், கலீபாவும் அடங்கினார். தம் உரிமை நிலைநாட்டப்பட்ட பின்னரே அப்பாஸ் (ரலி) அவ்விடத்தை விலையின்றி மக்களுக்கு ஈந்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். பள்ளிவாசலைக் காட்டிலும் உயர்ந்த பொதுநலன் எது? அங்கேயும் மறுத்தவனின் சொல் முதலில் கேட்கப்பட்டது. வீட்டுக்காரரின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. வெறும் 'உடைமையாளர்' என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

கொங்கு நாட்டில் வாழும் நமக்கு இதில் தனிக் கடப்பாடு உண்டு. 1932இல் பைக்காரா மின்சாரம் வந்ததால் கோவை ஆலைகள் பெருகின. பின்னர் 1962 முதல் நெய்வேலியின் மின்சாரமும் மாநிலத் தொகுப்பில் கலந்தது. நம் விசைத்தறி ஓடியது. கிணற்று மோட்டார் ஓடியது. பள்ளிவாசலில் பாங்கோசை ஒலிபெருக்கியில் எழுந்தது. 1970களில் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு அவர்களின் தலைமையில் கோவை மாவட்ட உழவர்கள் நடத்திய போராட்டம் நாடறிந்தது. மின்சாரத்தின் விலை பற்றி இவ்வளவு கூர்மையாகக் கணக்குப் பார்த்த நம் வட்டாரம், அது வரும் வழியில் எத்தனை ஊர்களைக் கடந்து வந்தது என்று கேட்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் அக்கேள்வி ஓர் உழவன் இன்னோர் உழவனைப் பற்றிக் கேட்டதாக இருந்திருக்கும்.

ஒன்று கூறி முடிக்கிறோம். நெய்வேலிக்கு அருகிலுள்ள வடலூரில் வள்ளலாரின் சபை ஒளியைப் போற்றுகிறது. தெற்கே லால்பேட்டையில் உள்ள நம் மதரஸாவின் பெயர் மன்பவுல் அன்வார். ஒளிகளின் ஊற்று என்பது பொருள். இடையே நெய்வேலியும் ஒளி தருகிறது. ஒளி என்னும் சொல்லுக்கு இவ்வளவு மதிப்பளிக்கும் நாட்டில், அவ்வொளிக்காக மறைந்த ஊர்களின் பட்டியல் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் இருப்பது கடினமன்று. இடம்பெயர்ந்த முதல் தலைமுறையினரில் இன்று உயிரோடிருப்போர் சிலரே. அவர்களிடம் சென்று ஊரின் பெயர், ஏரியின் பெயர், வயலின் பெயர், அண்டை வீட்டாரின் பெயர் எனக் கேட்டு எழுதிவைக்க ஆய்வு மாணவர்கள் முன்வர வேண்டும். கடலூர், விருத்தாசலம், பரங்கிப்பேட்டைப் பகுதிகளில் வாழும் நம் வாசகக் குடும்பங்களில் அத்தகைய பெரியவர்கள் இருப்பின், அவர்கள் வாய்மொழியை இவ்விதழுக்கு எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். பாடநூல் எழுதுவோரோ தம் பாடத்தைக் கிணற்றுக்கு முன்பிருந்து தொடங்கட்டும். அவ்வளவு செய்தால் விடுபட்ட படலத்தின் முதற்செய்யுள் கிடைத்துவிடும். எஞ்சியதை வரும் புலவர்கள் பாடுவார்கள், இன்ஷா அல்லாஹ்.